பரணில் கிடைத்த படச்சுருள்: ஊமைப்பட நகைச்சுவையா என்று அடையாளம் காணும் முறை

பாகம் பிரிக்கும் நாளில்தான் பெரும்பாலும் இந்தப் பொருள் வெளியே வரும். பரணிலிருந்து பித்தளை அண்டா, உடைந்த ஆர்மோனியம், தாத்தாவின் கணக்கு நோட்டு ஆகியவற்றோடு துருப்பிடித்த வட்டத் தகர டப்பா ஒன்றும் இறங்கும். அண்டாவுக்கு நான்கு பேர் போட்டியிடுவார்கள். டப்பாவை ஒருவரும் கேட்கமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை, ஆரணி, செய்யாறு என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதும் கூடாரக் கொட்டகைகள் ஊர் ஊராக நகர்ந்த பகுதி என்பதால், மெஷின் ஓட்டியவர்கள், படப்பெட்டி சுமந்தவர்கள், கொட்டகைக்குப் பணம் போட்டவர்கள் ஆகியோரின் வீடுகளில் இத்தகைய டப்பாக்கள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றில் 1910களிலோ 1920களிலோ எடுக்கப்பட்ட ஒரு நகைச்சுவைக் குறும்படம், அதுவும் உலகில் வேறெங்கும் பிரதி இல்லாத ஒன்று, இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் இதுவரை மீட்கப்பட்ட படங்களில் பல, இப்படி வாய்ப்பே இல்லாததாகத் தோன்றிய இடங்களிலிருந்துதான் வந்துள்ளன. ஆகவே அந்த டப்பாவை எப்படித் திறப்பது, உள்ளிருப்பது எந்தக் காலத்துப் பிலிம் என்று எப்படிக் கணிப்பது, படம் எது என்பதை எவ்வாறு நெருங்குவது, பின் யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

குறும்படங்களை, அதிலும் விழுவதும் அடிபடுவதும் துரத்துவதுமாக ஓடும் நகைச்சுவைப் படங்களை, நான் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1912இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் போன்ற நிறுவனங்கள் இவற்றை வாரம்தோறும் வடை சுடுவதுபோல் தயாரித்தன. சார்லி சாப்ளின் 1914 என்ற ஒரே ஆண்டில் அந்த நிறுவனத்துக்காக 36 படங்களில் நடித்திருக்கிறார். பெரிய படத்துக்கு முன்னால் காட்டும் தொட்டுக்கொள்ளும் பண்டமாகவே இவை கருதப்பட்டதால், ஓடித் தேய்ந்த பிரதிகளைப் பத்திரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. பிலிமில் உள்ள வெள்ளியை உருக்கி எடுப்பது லாபமாகத் தோன்றியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்நாட்டின் 10,919 முழுநீள ஊமைப்படங்களில் 14 விழுக்காடு மட்டுமே தம் மூல வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்றும் 70 விழுக்காடு அடியோடு அழிந்துவிட்டன என்றும் கூறுகிறது. அந்தக் கணக்கில் குறும்படங்கள் சேர்க்கப்படவே இல்லை. ஆனால் குறும்படங்களுக்கு மற்றொரு நற்பேறு வாய்த்தது. அவை சிறியவை, மலிவானவை, குழந்தைகளுக்கும் பிடித்தவை என்பதால், வீட்டில் வைத்துக் காட்டும் சிறு கருவிகளுக்காக அவற்றின் குறுகிய பிரதிகள் ஏராளமாக விற்கப்பட்டன. பெரிய படத்தின் கடைசிப் பிரதி கிடங்கில் எரிந்துபோன காலத்தில், சிறிய படத்தின் தேய்ந்த பிரதி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் தப்பிக் கிடந்தது.

நம் பக்கத்துக்கு இது தொலைவான செய்தியன்று. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமாகக் கருதப்படும் 'கீசகவத'த்தை 1917-18 வாக்கில் எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். மோட்டார் உதிரிப்பாக வணிகத்திலிருந்து படத்தொழிலுக்கு வந்து, சென்னை மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ அமைத்து, அடுத்தடுத்துப் புராணப் படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்றும் இன்று இல்லை. அதே சமயம், 1933இல் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் தப்பியிருப்பதற்குக் காரணம், அது தொடர்பாக எழுந்த பதிப்புரிமை வழக்கில் பிரதி திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், அங்கேயே முடங்கியதுதான். 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை அங்கிருந்து பெற்றது. ஓடிய படங்கள் அழிந்தன, முடக்கப்பட்ட படம் பிழைத்தது. தேடுபவர் இதை நினைவில் வைத்துக்கொண்டால், எங்கே தேடுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்: படம் ஓடிய கொட்டகையில் அன்று, அது ஓடாமல் நின்றுபோன இடத்தில்.

முதலில் நெருப்பு

டப்பாவைக் கையில் எடுத்தவுடன் திறந்துவிடக் கூடாது. 1950களின் தொடக்கம் வரை திரையரங்குகளுக்கான 35 மில்லிமீட்டர் பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் செய்யப்பட்டது. இது துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிபொருளுக்கு நெருங்கிய உறவு. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டபின் தண்ணீரில் அமிழ்த்தினாலும் மணலால் மூடினாலும் அணையாது. எழும் புகை நச்சு. கெட்டு அழுகத் தொடங்கிய நைட்ரேட் பிலிம், 41 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெடுநேரம் அடைபட்டுக் கிடந்தாலே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். வேலூரை வெயிலூர் என்று நாமே கேலி செய்கிறோம்; அக்னி நட்சத்திர நாள்களில் நம் ஊர் ஓட்டு வீட்டுப் பரணிலும் தகரக் கூரைக்கடியிலும் இந்த வெப்பம் ஓர் அதிசயமன்று. புனேயில் தேசியக் காப்பகத்தின் நைட்ரேட் பிலிம்கள் 2003 ஜனவரியில் தீக்கிரையானபோது, எல்லா ஏற்பாடும் உள்ள இடத்திலேயே இது நேரும் என்பது தெரிந்தது. அமெரிக்காவில் 1937 ஜூலையில், கோடை வெப்பத்தில், நியூ ஜெர்சிக் கிடங்கு ஒன்று எரிந்தபோது பாக்ஸ் நிறுவனத்தின் ஊமைப்படங்களோடு எஜுகேஷனல் என்ற நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்களும் சேர்ந்து போயின. லாயிட் ஹாமில்டன் என்ற அருமையான நடிகரை இன்று பலரும் அறியாமல் இருப்பதற்கு அந்த ஒரு நாள் பெரிய காரணம்.

ஆகவே டப்பாவை மார்கழி, தை மாதங்களில், காலை வேளையில், வீட்டுக்கு வெளியே நிழலும் காற்றோட்டமும் உள்ள திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துத் திறக்க வேண்டும். பங்குனியில் கிடைத்தால், திறக்காமலே வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு, படுக்கையறை தவிர்த்து, மாற்றிவிட்டு உதவி கேட்பது நல்லது. அருகில் விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. பூஜை அறையை ஒட்டிய மேடையில் வைத்துத் திறக்க முனைந்த ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். மூடி இறுகியிருந்தால் சுத்தியால் தட்டாமல், மழுங்கிய கரண்டிக் காம்பை விளிம்பைச் சுற்றிச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும்.

மூடி திறந்ததும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். புளித்த காடி நெடி அடித்தால் அது அசிடேட் பிலிம். கெட்டுக்கொண்டிருக்கிறதே தவிர வெடித்து எரியாது. ஆனால் அந்த நெடி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும் என்பதால் தனியே பிரித்து வைக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் வேறுவிதக் காரமான நெடியோடு, பிலிம் தேன் நிறமாகப் பழுத்து, படம் மங்கி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது அழுகும் நைட்ரேட். மேலும் முற்றினால் மேற்பரப்பில் கொப்புளமும் நுரையும் எழும், பிறகு சுருள் முழுவதும் ஒரே கட்டியாக இறுகும், கடைசியில் பழுப்புத் தூளாகும். கொப்புளம் கண்டுவிட்டால் தொடாமல், மூடியை இறுக்கி அழுத்தாமல் மேலே வைத்து, வீட்டை விட்டுத் தள்ளியுள்ள நிழலான இடத்தில் விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்வதே முறை. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்த்துச் சோதிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்.

பிலிமின் அகலமும் ஓரமும்

ஆபத்து இல்லை என்று தெரிந்தபின், வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து, சுருளின் ஓரங்களை மட்டும் பிடித்து, முதல் இரண்டு மூன்று அடியைப் பிரித்து அகலத்தை அளக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் என்றால் கொட்டகைப் பிலிம், நைட்ரேட்டாக இருக்கலாம். 16 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் அச்சமில்லை. அந்த அகலம் 1923இல் வீட்டு உபயோகத்துக்காகவே எரியாத பிலிமில் அறிமுகமானது. இருபக்க ஓரங்களிலும் துளைகள் இருந்தால் ஊமைப் பிலிம், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பேசும்படப் பிலிம் என்பது அதற்குப் பொதுவான கணக்கு. துளைகள் ஓரத்தில் இல்லாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது பிலிமிலுள்ள ஒவ்வொரு தனிப் படத்துக்கும், இடையே நட்ட நடுவில் ஒன்று இருந்தால், அது 9.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பாத்தே பேபி. 1922இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று கொண்டுவந்த இந்த வீட்டுப் பிலிமில், காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகள் சில கட்டங்கள் மட்டுமே இருக்கும். அவ்விடத்தில் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டு வரும்போது கருவி சற்றே நின்று, வாசிக்க நேரம் கொடுத்துப் பின் நகரும். பிலிமைச் சிக்கனப்படுத்தச் செய்த நுட்பமான ஏற்பாடு அது. தெரியாதவர்கள் எலி கடித்தது என்று நினைத்து வெட்டி ஒட்டிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருந்த குடும்பங்களின் பழைய சாமான்கள் ஏலத்தில் வந்தால், இந்த 9.5, 16 அகலங்களைத்தான் முதலில் கவனிப்பேன். முன்பு சொன்ன அலமாரிப் பிரதிகள் இவையே.

35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத்தில், துளைகளுக்கு அருகே, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் நைட்ரேட் அல்லது சேஃப்டி (எளிதில் எரியாத பிலிம்) என்ற ஆங்கில எழுத்துகள் தெரியலாம். ஈஸ்ட்மன் கோடாக் பிலிமாக இருந்தால் சிறிய வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளும் தெரியும். 1916க்கு ஒரு வட்டம், 1917க்கு ஒரு சதுரம், 1918க்கு ஒரு முக்கோணம் என்று தொடங்கி, பின் அவற்றை இரண்டிரண்டாகவும் கலந்தும் அந்நிறுவனம் ஆண்டைக் குறித்தது. இங்கே இரண்டு இடறல்கள் உள்ளன. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்ப வருவதால் ஒரு வட்டம் 1916ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். மேலும், குறி சொல்வது பிலிம் செய்த ஆண்டையே தவிர, படம் எடுத்த ஆண்டையன்று. 1936இல் செய்த பிலிமில் 1916ஆம் ஆண்டுப் படத்தைப் பிரதி எடுத்திருக்கலாம். மூலத்தின் ஓரக் குறியே பிரதியிலும் நிழலாக அச்சாகி, ஒரே ஓரத்தில் இரண்டு குறிகள் தெரிவதும் உண்டு. ஆகவே குறி ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அடுத்துப் படத்தின் கட்டத்தைப் பாருங்கள். இருபக்கத் துளைகளுக்கும் இடையே முழு அகலத்தையும் படம் நிரப்பினால் ஊமைப்படமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒரு பக்கம் கோடுகளோ அலைகளோ ஓடும் ஒலிப்பட்டை இருந்தால் பேசும்படம். இதிலும் ஏமாறலாம். பேசும்படத்தின் படப்பிடிப்பு நெகட்டிவில் ஒலிப்பட்டை இருக்காது. மாறாக, சாப்ளின் 1916-17இல் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்த பன்னிரண்டு படங்களை 1932இல் இசையும் ஓசையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். அந்தப் பிரதியில் ஒலிப்பட்டை இருக்கும், படம் ஊமைப்படமாகவே இருக்கும். பிலிம் முழுவதும் நீலமாகவோ மஞ்சளாகவோ சாயம் தோய்ந்திருந்தால் மகிழலாம். பகலில் எடுத்த காட்சியை நீலச் சாயம் தோய்த்து இரவாக்குவது ஊமைப்படக் கால வழக்கம். அந்தச் சாயம் இல்லாத பிற்காலப் பிரதிகளில், உச்சி வெயிலில் ஒருவன் லாந்தர் ஏந்திப் பூனைநடை நடப்பதைப் பார்த்து நாம் திகைப்பது இதனால்தான்.

நீளத்தைக் கணிக்கச் சுருள் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. 1000 அடி கொண்ட 35 மில்லிமீட்டர் சுருள் சுமார் 25 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். அதுவே ஒரு ரீல். நகைச்சுவைக் குறும்படங்கள் ஒன்று அல்லது இரண்டு ரீல்களில் அடங்கின. எக்காரணம் கொண்டும், பழைய மெஷின் ஒன்று நண்பர் வீட்டில் இருக்கிறது என்பதற்காகச் சுருளை அதில் மாட்டி ஓட்டக் கூடாது. பழைய பிலிம் சுருங்கியிருக்கும். துளைகள் பற்சக்கரத்தோடு பொருந்தாமல் கிழிந்துகொண்டே போகும்.

முகங்களும் அட்டைகளும்

கைப்பேசியில் வெள்ளைத் திரையை ஒளிரவிட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, பிலிமைக் கையால் மெல்ல நகர்த்தி, பத்து அடிக்கு ஒரு கட்டம் வீதம் மற்றொரு கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் துண்டு பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்து, முகம்பார்க்கும் கண்ணாடியால் ஒளியைத் திருப்பி, தண்ணீர் ஊற்றிய பல்பை லென்சாக வைத்து, வேட்டித் திரையில் எம்.ஜி.ஆரைக் காட்டியவர்களுக்கு இது புதிய வேலையன்று. இம்முறை வெயிலும் கூடாது, சூடான பல்பும் கூடாது என்பதே வேறுபாடு.

எல்லோரும் முதலில் தேடுவது சாப்ளினை. அதனாலேயே முதல் ஏமாற்றமும் அங்கேதான் வரும். அவர் புகழ் உச்சத்தில் இருந்தபோது அதே தொப்பி, அதே மீசை, அதே கைத்தடியோடு அவரைப் போலவே நடித்தவர்கள் பலர். அவர்களில் பில்லி வெஸ்ட் என்பவர் அசலோடு குழம்பும் அளவுக்குத் தேர்ந்தவர். உங்கள் சுருளில் 'சாப்ளின்' ஒரு பருத்த வில்லனோடு மோதினால், அந்த வில்லனின் முகத்தை உற்றுப் பாருங்கள். அது ஆலிவர் ஹார்டியாக இருந்தால், இது 1917-18ஐ ஒட்டிய பில்லி வெஸ்ட் படமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்டான் லாரலோடு புகழ்பெற்ற நகைச்சுவை இணையாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஹார்டி அந்தப் படங்களில் வில்லனாக உருண்டு விழுந்துகொண்டிருந்தார்.

சாப்ளினின் தொளதொள உடைக்கு நேர்மாறாக உடலைப் பிடித்த இறுக்கமான உடையும், மூக்கின்கீழ் இரண்டு புள்ளி வைத்தது போன்ற மீசையும் கொண்ட இளைஞன் தென்பட்டால் என் நெஞ்சு படபடக்கும். அது கண்ணாடி அணியத் தொடங்குவதற்கு முன்பிருந்த ஹரால்ட் லாயிட். 1915 முதல் 1917 வரை லோன்சம் லூக் என்ற பாத்திரமாக அவர் நடித்த குறும்படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1943இல் அவர் வீட்டுக் கிடங்கு எரிந்தபோது சொந்தப் பிரதிகளும் போயின. தட்டையான தொப்பியும் சிரிக்காத முகமும் பஸ்டர் கீட்டன் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 1917 முதல் ராஸ்கோ ஆர்பக்கிளோடு நடித்த தொடக்கப் படங்களில் அவர் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்கிறார். ஆகவே சிரித்துவிட்டார் என்பதற்காக அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஒருங்கிணையாத கண்களை வைத்தே பிழைத்த பென் டர்பின், பட்டுத் தொப்பியும் கனவான் உடையுமாய் வரும் பிரெஞ்சுக்காரர் மாக்ஸ் லிண்டர், பெண் நகைச்சுவையாளர்களில் முதல் வரிசையில் நின்ற மேபல் நார்மண்ட் ஆகியோரின் முகங்களையும் முன்கூட்டியே பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். உள்ளூர்ப் படமாக இருக்கலாம் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டாம். 1931இல் வங்காளத்தில் காளிபத தாஸ் எடுத்த 'ஜமாய் பாபு', கல்கத்தாவுக்கு வந்து தடுமாறும் மாப்பிள்ளை ஒருவரின் கதையைச் சாப்ளின் சாயலில் சொல்லும் ஊமை நகைச்சுவை, அது பிழைத்திருக்கிறது.

முகம் தெரியாவிட்டால் பொருள்கள் பேசும். சுவரிலோ எழுத்து அட்டையின் மூலையிலோ ஒரு சேவல் உருவம் இருந்தால் அது பாத்தே நிறுவனம். திருட்டுப் பிரதியைத் தடுக்க அரங்கப் பொருள்களிலேயே தங்கள் முத்திரையைப் பொறித்து வைப்பது அக்கால வழக்கம். வாகன எண் பலகை, நாள்காட்டி, தெருப்பெயர், கடைப் பலகை, சுவரொட்டி ஆகிய ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2012இல் தொடங்கிய ஒரு கூட்டத்தில், பெயர் தெரியாத துண்டுகளைத் திரையிடுவார்கள். ஒருவர் காரின் வகையையும், ஒருவர் தெருவையும், ஒருவர் மூன்றாம் வரிசையில் நிற்கும் துணைநடிகரையும் அடையாளம் கண்டு உரக்கச் சொல்ல, படத்தின் பெயர் மெல்ல மெல்ல வெளிவரும். திருவிழாவில் தொலைந்த பிள்ளையை ஊரே கூடி இன்னார் வீட்டுப் பையன் என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

டப்பாமேல் ஒட்டியுள்ள பெயரை மட்டும் நம்பவே கூடாது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டில் 'சாப்ளின் 2' என்று சுண்ணாம்பால் எழுதிய டப்பாவைக் கண்டு, இரண்டு நாள் தூங்காமல் காத்திருந்து, முறைப்படி திறந்து பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்திப்படம். காலி டப்பா வீணாக வேண்டாமே என்று யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இதற்கு மறுதலையாகவும் நடக்கும். பிரான்சில் துலூஸ் நகரத் திரைப்படக் காப்பகத்துக்கு 'பிரிக்கோலோ' என்று மட்டும் எழுதிய டப்பாக்கள் வந்து சேர்ந்தன. அந்தப் பெயரில் ஒரு நடிகரும் கிடையாது. துருவிப் பார்த்ததில், எல்லோரும் மறந்துவிட்ட சார்லி பவர்ஸ் என்ற அமெரிக்கரை அந்நாட்டுக் கொட்டகைக்காரர்கள் அப்படி அழைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பொம்மைகளையும் இயந்திரங்களையும் உயிர்ப்பித்து அவர் எடுத்த விசித்திரமான படங்கள் இன்று பார்க்கக் கிடைப்பது அதனால்தான்.

இல்லாதவற்றில் எவை தேடப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது பயன் தரும். சாப்ளினின் கீஸ்டோன் படங்களில் இன்று காணாமல் இருப்பது ஒன்றே ஒன்று, 1914இல் வந்த 'ஹெர் ஃப்ரெண்ட் தி பேண்டிட்'. லாரலும் ஹார்டியும் ஒரு சலவை இயந்திரத்தை நீண்ட படிக்கட்டில் ஏற்றித் திண்டாடும் 1927ஆம் ஆண்டின் 'ஹேட்ஸ் ஆஃப்' மற்றொன்று. அதே படிக்கட்டில் பியானோவை ஏற்றி அவர்கள் 1932இல் எடுத்த பேசும்படம் ஆஸ்கர் பெற்றது, மூலம் மட்டும் மறைந்துவிட்டது. கிடைத்தவற்றின் வரலாறு நம்பிக்கை தருவது. சாப்ளின் போலீஸ்காரனாகச் சில நிமிடங்கள் வரும் 'ஏ தீஃப் கேச்சர்' என்ற 1914ஆம் ஆண்டுப் படம், மிச்சிகனில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் வாங்கிய 16 மில்லிமீட்டர் சுருளாக வெளிப்பட்டு 2010இல் அறிவிக்கப்பட்டது. வாங்கியவரே அதில் சாப்ளின் இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான கிரீம் பைகள் பறக்கும் லாரல் ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' பல காலம் துண்டுகளாக மட்டுமே இருந்தது. அதன் இரண்டாம் ரீல் 2015இல் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து முழுமையாகக் கிடைத்தது. பஸ்டர் கீட்டனின் பழைய வீட்டை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், 1950களில் அங்கே அடைபட்டுக் கிடந்த கீட்டன் படங்களின் டப்பாக்களைக் கண்டெடுத்தார்.

சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூர்க் கோட்டைக் கோயிலை ஊரார் பல தலைமுறையாகக் கேலி செய்துவந்தார்கள். 1981இல் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பியது. மூன்று மைல் தொலைவில்தான் இருந்திருக்கிறது. காணாமல் போன படங்கள் என்று பட்டியலிடப்படுபவை பலவும் அந்த நிலையில் உள்ளவைதான். 'தொலைந்த படம்' என்றால், தெரிந்த காப்பகம் எதிலும் பிரதி இல்லை என்பது மட்டுமே பொருள்.

ஒப்படைத்தல்

கண்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: அகலம், ஓரக் குறி, சாயம், சுருளின் விட்டம், நெடி, எழுத்து அட்டைகளின் வாசகம் எழுத்துப் பிசகாமல், காட்சிகளின் வரிசை, சுருள் கிடைத்த வீட்டின் வரலாறு. இதுதான் படத்தின் பெயர் என்ற உங்கள் முடிவைக் கடைசியில், தனியே, ஊகம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தாளையும் கைப்பேசிப் படங்களையும் முதலில் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம். 1964இல் தொடங்கிய அது இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பகுதியாக இயங்குகிறது. மும்பையில் 2014இல் தொடங்கப்பட்ட ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனும் பழைய பிலிம்களைப் பாதுகாக்கும் பணியைச் செய்கிறது. சுருளை மட்டும் நீங்களாக அனுப்ப வேண்டாம். நைட்ரேட் தீப்பற்றும் பொருள் என்பதால் காட்பாடியில் ரயிலேற்றுவதோ கூரியரில் போடுவதோ குற்றமும் ஆபத்துமாகும். காப்பகத்தார் சொல்லும் வழியில்தான் அது பயணப்பட வேண்டும். கொடுப்பதற்கு முன், இது தானமா அல்லது பாதுகாக்க ஒப்படைப்பதா, எண்ம வடிவாக்கியபின் உங்களுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது பிற்கால மனக்கசப்பைத் தவிர்க்கும். உரிமைச் சிக்கல் பெரும்பாலும் வராது; இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள்தான். புதிதாகச் சேர்த்த இசைக்கு மட்டும் தனி உரிமை இருக்கும்.

பிரதி வந்தபின் ஊரில் திரையிட விரும்புவோர் வேகத்தைக் கவனிக்க வேண்டும். ஊமைப்படத்தைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். நொடிக்குப் பதினாறு கட்டம் என்பது பழைய கணக்கு, காலம் செல்லச் செல்ல அது கூடியது. 35 மில்லிமீட்டரில் ஓர் அடிக்குப் பதினாறு கட்டம் என்பதால், அந்தப் பழைய வேகத்தில் ஓர் அடி ஒரு நொடி. 1000 அடி ரீல் 16 நிமிடம் 40 நொடி ஓடும். அதையே பேசும்பட வேகமான 24 கட்டத்தில் ஓட்டினால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும், மனிதர்கள் எறும்புபோல் பரபரப்பார்கள். ஊமைப்படம் என்றாலே இப்படித்தான் என்ற தவறான எண்ணம் இதனால் வந்தது. நகைச்சுவைக்கென்று சற்று மெதுவாகச் சுழற்றி எடுத்து, திரையில் வேகம் கூடச் செய்ததும் உண்டு என்பதால், ஒருவர் நாற்காலியில் சாதாரணமாக உட்காரும் காட்சியை எடுத்து, 18, 20, 22 என்று மாற்றிப் பார்த்து, கால்கள் தரையில் பாவுவது போலத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

இசைக்குப் பதிவு செய்த பியானோவைத் தேடி அலைய வேண்டாம். அக்காலத்தில் நம் ஊர்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எழுத்து அட்டைகளை வாசித்துக் கதை சொன்னார், வாத்தியக்காரர்கள் கீழே அமர்ந்து வாசித்தார்கள். செய்யாறு, ஆரணி, புரிசைப் பக்கத்துத் தெருக்கூத்து மேளக்காரர்கள், கட்டியங்காரன் தடுக்கி விழும் கணத்தில் தாளத்தை வெட்டி நிறுத்திப் பழகியவர்கள். மிருதங்கம், முகவீணை, ஜாலராவோடு அவர்களைத் திரையைப் பார்த்தபடி உட்காரவைத்து, ஒருமுறை ஒத்திகையாகப் படத்தை ஓட்டிக் காட்டினால் போதும். சாப்ளின் வாழைப்பழத் தோலில் எந்தக் கட்டத்தில் கால் வைப்பார் என்பதை இரண்டாம் முறை அவர்கள் உங்களுக்கு முன்பே எதிர்பார்ப்பார்கள்.